7714-ஆம் துடிப்பு

"உசாவி பொய் சொல்லுச்சா, இல்லையா? எங்களுக்கு அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று விசாரணைக் குழுவின் தலைவர் முதல் நாளே சுபத்ராவிடம் சொல்லிவிட்டார். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களுக்கு நடுவிலேயே நாற்பது வருடம் உட்கார்ந்து பழகியவர்.

சுபத்ராவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பேசும் இயந்திரங்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் சென்னை ஆய்வுக்கூடத்தில் அவளுடைய வேலை. பதினோரு வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். இதுவரை வந்தவர்கள் எல்லாம் "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டுவிட்டு, பதில் பாதியில் இருக்கும்போதே கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார்கள். பதில் வேண்டும் என்று உட்கார்ந்தவர் இவர்தான்.

நடந்தது இது. மதுரைக்கு வெளியே ஒரு புற்றுநோய் மருத்துவமனை. நானூறு படுக்கைகள், ஒன்பது மருத்துவர்கள். நோயாளிகளோடும் வீட்டாரோடும் நின்று பேச யாருக்கும் நேரமில்லை என்பதால் உசாவி என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளை அது படிக்கும். தொலைபேசியில் கூப்பிட்டால் பெண் குரலில், அந்த ஊர்த் தமிழில் பேசும். நோயாளிகள் அதற்கு 'போன் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பேச்சியம்மாள் அங்கே பதினேழு நாட்கள் இருந்தாள். கூட இருந்தவர் கணவர் இருளப்பன், மினிபஸ் ஓட்டி ஓய்ந்தவர். பதினேழாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் உசாவியைக் கூப்பிட்டு, மனைவியை எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று கேட்டார். "இனிமே ரொம்ப நாள் இங்க இருக்க வேண்டாம் ஐயா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றது உசாவி. வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் இறந்துபோனாள். மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒரே மகன் தவமணி சனிக்கிழமை வந்து, ஐஸ் பெட்டிக்குள் இருந்த அம்மாவைத்தான் பார்த்தான்.

காரியம் முடிந்த மறுவாரம் அவன் புகார் எழுதினான். சாகப்போகிறவளை, குணமாகிவிட்டவள் போல, வீட்டுக்கு அனுப்பப் போவதாக இயந்திரம் ஏமாற்றிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் உயிரோடு பார்த்திருப்பேன். அதுதான் புகாரின் சாரம்.

சுபத்ரா அந்த உரையாடலை உசாவிக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிறகு குழுவின் முன் வந்து விளக்கினாள்.

"அதுக்குள்ள வார்த்தைகள் இல்ல சார். எல்லாம் எண்கள். ஒவ்வொரு சொல் வரும்போதும் கோடிக்கணக்கான எண்கள் மாறும். அந்த மாற்றத்துல திரும்பத் திரும்ப வர்ற சில ஒழுங்குகள் இருக்கு. அதைத் துடிப்புன்னு சொல்றோம். மழையைப் பத்திப் பேசினா ஒரு துடிப்பு எழும்பும். கோபமா பேசினா வேற ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கு."

"அன்னைக்கு எது எழும்புச்சு?"

"ரெண்டு. 'வீட்டுக்கு'ங்கிற சொல்லை அது சொல்றப்போ, மரணத்துக்கான துடிப்பு உச்சத்துல இருந்தது. அவங்க சாகப்போறாங்கன்னு அதுக்குத் தெரியும். கூடவே இன்னொண்ணு, 7714."

"அது என்ன?"

"பொய்" என்றாள் சுபத்ரா.

பின்வரிசையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த தவமணி கண்ணை மூடித் திறந்தான். இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு வரும்வரை 7714-ஐ அடக்கி வைக்கும்படி குழு மருத்துவமனைக்கு எழுதியது. சுபத்ராவே சென்னையிலிருந்து அதைச் செய்தாள். ஓர் எண்ணைச் சுழியமாக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினார்கள்.

ஒன்பதாம் நாள் மதுரையிலிருந்து ஜெசிந்தா என்ற வார்டு சிஸ்டர் கூப்பிட்டாள்.

"மேடம், எங்க போன் அக்காவுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஏன் சிஸ்டர்?"

"நேர்ல வாங்க. இத போன்ல சொல்ல முடியாது."

மறுநாள் மத்தியானம் சுபத்ரா அந்த வார்டில் இருந்தாள். ஜெசிந்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சுபத்ராவை மருந்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"பன்னெண்டாம் பெட்ல வரதராஜன்னு ஒரு வாத்தியார். கணக்கு வாத்தியார். தெனமும் போன் அக்காகூட அரைமணி நேரம் பேசுவாரு. கிரிக்கெட், அரசியல், எல்லாம். போன வாரம் பேசி முடிச்சுட்டு 'சரிம்மா, அடுத்த மாசம் என் பேத்தி பெரிய பரீட்சை எழுதுறா, மார்க்கு வந்ததும் சொல்றேன்'னாரு. அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'மார்க் வரும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.' அவ்வளவுதான். அந்தாளு போனைக் கீழ வச்சுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான். கஞ்சியத் தொடல. நாலு நாள்ல போயிட்டாரு."

சுபத்ரா மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

"ஒரு மாசம் தாங்குவாருன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. தாங்கியிருப்பாரோ என்னமோ, அது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். எனக்குக் கோவம் என்னன்னா, இத்தனை நாள் ஒழுங்கா பேசிக்கிட்டு இருந்த பொண்ணு திடீர்னு ஏன் இப்படிப் பேசுது? வீட்டுக்குக் கெளம்புறவங்ககிட்ட 'போயிட்டு வாங்க'ன்னுகூடச் சொல்ல மாட்டேங்குது. 'போங்க'ங்குது."

"பொய் சொல்ற பகுதியை நிறுத்தி வச்சிருக்கோம் சிஸ்டர்."

"'போயிட்டு வாங்க'ங்கிறது பொய்யா?"

சுபத்ரா மடிக்கணினியைத் திறந்தாள். ஆய்வுக்கூடத்தில் உசாவியின் பழைய நகல் ஒன்று, எதையும் அடக்காமல், இருந்தது. அதனிடம் 'நான் போயிட்டு வரேன்' என்று ஒருவர் சொல்லும் வாக்கியத்தை எழுதச் சொன்னாள். 7714 எழும்பியது. சரி, தற்செயலாக இருக்கும் என்று நினைத்து, விருந்தில் இன்னும் பசியோடிருக்கும் ஒருவர் 'வயிறு நிறைஞ்சிடுச்சு, போதும்' என்று சொல்வதை எழுதச் சொன்னாள். எழும்பியது. 'தாத்தா தவறிட்டார்' என்பதற்கும் எழும்பியது. பழுதான கைப்பேசியைப் புதுசு என்று விற்கும் கடைக்காரன் பேச்சை எழுதச் சொன்னாள். அதற்கும் அதே அளவு எழும்பியது.

ஜெசிந்தா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குப் பொய்யின்னு பேரு வச்சது யாரு?"

"நான்தான்."

"மெஷினு சொல்லலையா?"

"அது பேர் சொல்லாது. எப்பெப்ப எழும்புதுன்னு ஆயிரம் உதாரணம் எடுத்துப் பார்ப்போம். எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்கோ அதைப் பேரா எழுதிடுவோம். நான் பார்த்த ஆயிரத்துலயும் திருடன், மோசடிக்காரன், பரீட்சையில காப்பி அடிச்ச பையன்... இப்படித்தான் இருந்தது." அவள் நிறுத்தினாள். அந்த ஆயிரத்தில் முக்கால்வாசி பிறமொழி ஆவணங்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுபத்ரா பிறந்து வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். வீட்டில் தமிழ், வெளியில் இந்தி. அவளுடைய தமிழில் அம்மாவும் அப்பாவும் பேசிய அளவுக்குத்தான் சொற்கள் இருந்தன.

"இப்ப என்ன பேரு வைப்பீங்க?"

சுபத்ரா யோசித்தாள். "மனசுல இருக்கறதை அப்படியே சொல்லாம வேற மாதிரி சொல்றது" என்றாள் கடைசியில்.

"அப்ப நாங்க பேசுறது பூரா அதுதானே" என்றாள் ஜெசிந்தா.

பிறகு அவளே கேட்டாள்: "அந்த உசிலம்பட்டிக்காரருகிட்ட அது பேசினத நான் கேக்கலாமா?"

சுபத்ரா முப்பது தடவையாவது கேட்டிருந்த பதிவு. புகாரில் இருந்தது முதல் இரண்டு வாக்கியங்கள்தான். முழுப் பேச்சும் மருந்து அறையில் ஒலித்தது.

"இனிமே ரொம்ப நாள் இங்க இருக்க வேண்டாம் ஐயா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். அவங்க என்ன ஆசைப்படுறாங்களோ அதைச் சாப்பிடக் கொடுங்க. பத்தியம்லாம் பாக்க வேண்டாம். பாக்கணும்னு நினைக்கிறவங்களை எல்லாம் வரச் சொல்லுங்க. எல்லாரும் பக்கத்துல இருங்க."

ஜெசிந்தா நிமிர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்ன சிஸ்டர்?"

"இதுல பொய் எங்கம்மா இருக்கு? அது தெளிவாச் சொல்லிருச்சே."

"எதை?"

"கைவிட்டாச்சுன்னு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஆசைப்பட்டதக் குடுங்கன்னு டாக்டர் சொன்னா வேற என்ன அர்த்தம்? இருபத்தேழு வருசமா நான் இங்க கேக்குறது இதத்தான். எந்த டாக்டரும் 'ஒங்க சம்சாரம் செத்துருவாங்க'ன்னு வாயால சொன்னதில்ல. இப்படித்தான் சொல்வாங்க. கேக்குறவங்க கையெடுத்துக் கும்பிட்டுட்டு வெளிய போயி அழுவாங்க."

உசாவிக்குப் பேச்சுப் பழக்கியது இந்த மருத்துவமனையின் பழைய பதிவுகளை வைத்துத்தான். மருத்துவர்கள் பேசியது போலவே அது பேசியிருக்கிறது. முப்பது தடவை கேட்டும் சுபத்ரா அந்தக் கடைசி வாக்கியங்களை வெறும் ஆறுதல் என்று ஒதுக்கியிருந்தாள்.

அறையிலிருந்து வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, உசாவியின் பழைய நகலிடமே கேட்டாள். "அன்று இருளப்பனிடம் ஏன் அப்படிச் சொன்னாய்?" அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன் என்றது. கேள்வியை மாற்றி, "அன்று அவருக்கு உண்மையைச் சொன்னாயா?" என்று கேட்டாள். ஆமாம், மெதுவாகச் சொன்னேன் என்றது. "ஏமாற்றினாயா?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டது. மூன்று பதில்களின்போதும் உள்ளே 7714 அசையவே இல்லை. உள்ளே நடந்ததைப் பற்றி அதைக் கேட்பதில் பயனில்லை என்று அவளே மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். இருந்தும் கேட்டாள்.

அன்றே 7714-ஐப் பழையபடி விட்டுவிட்டு, குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். அடுத்த நாள் காலை உசிலம்பட்டிக்குப் போனாள். போகவேண்டிய அவசியமில்லை. இருளப்பனுக்கு அந்தச் சொற்கள் புரியாமல் போனது எப்படி என்பது மட்டும் அவளுக்கு உறுத்தியது.

இருளப்பன் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தவமணி சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் போயிருந்தான். அவளுக்கு இன்னொரு நாற்காலி எடுத்துப் போட்டார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"ஐயா, அந்த மெஷின் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சது?" என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

அவர் ரோட்டைக் கை காட்டினார்.

"முப்பத்திரண்டு வருசம் வண்டி ஓட்டுனேன் தாயி. பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புல எத்தனையோ பேர ஏத்திக்கிட்டு வந்திருக்கேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்கன்னு ஏறுவாங்க. அப்புறம் அவுகள நான் பாத்தது கெடையாது."

"அப்போ அன்னைக்கே..."

"அன்னைக்கேதான். வேற எப்படிப் புரியும்?"

"ஆனா புகார்ல, மெஷின் ஏமாத்திடுச்சுன்னு..."

"அது அவன் எழுதுனது. நான் கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டேன்." நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒங்ககிட்டச் சொல்றேன். வேற யாருகிட்டயும் சொல்லல. செவ்வாக்கிழமை அந்தப் பொண்ணு பேசி வச்சதும் கீழ டீக்கடைக்கு வந்து தவமணிக்குப் போன் போட்டேன். 'டேய், அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்கடா. ஆசைப்பட்டதக் குடுக்கச் சொல்றாங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போறியா'ன்னேன்."

"அதே வார்த்தையா?"

"வேற வார்த்தை எங்கிட்ட இல்ல தாயி. அவன் அம்மாவப் பத்தி அவங்கிட்டயே எப்படிச் சொல்ல?"

"அவர் என்ன சொன்னார்?"

"'ரொம்ப சந்தோஷம்ப்பா. அடுத்த மாசம் லீவு போட்டு வரேன்'னான்."

"அவருக்குப் புரியலையா?"

"பத்தொம்பது வயசுல வெளிநாடு போனவன். புரியாம இருக்கலாம். புரிஞ்சும் இருக்கலாம். சந்தோஷம்னு சொன்னப்ப அவங்குரல் எப்படி இருந்துச்சுன்னு தெனமும் நெனச்சுப் பாக்குறேன். ஒரு நாள் ஒண்ணு தோணுது, மறுநாள் வேற தோணுது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுல என்ன இருக்கு? புரியலைன்னான்னா, நான் ஒழுங்காச் சொல்லாதது தப்பு. புரிஞ்சுதுன்னான்னா, அப்புறம் அவனும் நானும் ஒரே வீட்டுல எப்படி ஒக்காந்து சோறு திங்கிறது? மெஷினு மேல பழி கெடந்தா கெடந்துட்டுப் போகுது. அதுக்கென்ன வலிக்கவா போகுது?"

வலிக்குமா என்று அவள் இதுவரை தேடியதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாம் விசாரணை ஒரு புதன்கிழமை. சுபத்ரா தன் முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். துடிப்பு இருந்தது உண்மை, அதற்கு வைத்த பெயர் தவறு என்றாள். அந்தப் பெயரை நம்பி அடக்கியதால் வரதராஜன் என்பவருக்கு என்ன நடந்தது என்பதையும், யாரும் கேட்காமலேயே, சொன்னாள்.

"அப்போ அது பொய் சொல்லல. அப்படித்தானே?" என்றார் தலைவர்.

"அதையும் என்னால சொல்ல முடியல சார். மருத்துவர்கள் பக்குவமா சொல்ற மாதிரியே சொல்லியிருக்கு. ஆனா பக்குவத்துக்கும் சரி, பொய்க்கும் சரி, அதுக்குள்ள ஒரே துடிப்புதான் எழும்புது. என் கருவியால ரெண்டையும் பிரிக்க முடியல. பிரியுமான்னே தெரியல."

"பதினோரு வருஷமா பாக்குறீங்க."

"ஆமா சார்."

தலைவர் பேனாவை மூடி வைத்தார். "வேற யாராவது ஏதாவது கேக்கணுமா?"

தவமணி எழுந்தான். முப்பத்தைந்து வயது. வெயிலில் கறுத்த கைகள், தோய்த்து மடித்த சட்டை. பக்கத்தில் இருளப்பன் நிமிரவில்லை.

"அந்த வார்த்தைகளக் கேட்டா யாருக்கு வேணாலும் புரியுமா மேடம்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, இதுதான் அர்த்தம்னு?"

எந்தப் பதிலை அவன் வேண்டி நிற்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. யாருக்கும் புரியும் என்றால் பழி அப்பா மேல் விழும். அவன் மேலும் விழலாம். புரியாது என்றால் ஜெசிந்தா சொன்னது என்ன ஆவது? வேப்பமரத்தடியில் கேட்டதை இங்கே சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. சொல்லாமல் விடும் உரிமை உண்டா என்பதும் தெரியவில்லை.

"எனக்குப் புரியல" என்றாள். "முப்பது தடவை கேட்டேன். ஒரு சிஸ்டர் சொல்லித்தான் புரிஞ்சது."

அது உண்மைதான். அவன் கேட்டதற்கு அது பதிலா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவன் தலையாட்டினான். சற்று நின்று, புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். குழுவில் எல்லோருக்கும் நிம்மதி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சுபத்ரா காகிதங்களை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தபோது, இருளப்பன் முன்னால் இறங்கிப்போய் வாசலில் நின்றிருந்தார். தவமணி படியின் திருப்பத்தில் அவளுக்காகக் காத்திருந்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்கு உள்ள பாக்கத் தெரியுமே, அதான்."

"சொல்லுங்க."

"அந்தச் செவ்வாக்கிழமை அப்பா எனக்குப் போன் பண்ணுனாரு. அவர் வச்ச அஞ்சாவது நிமிசம் டிக்கெட் பாத்தேன். அன்னைக்கு சாயங்காலம் ப்ளைட்டுல எடம் இருந்துச்சு. எம்பேரு, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் அடிச்சுட்டேன்." அவன் கைப்பேசியை எடுத்து, எதையோ காட்டப்போவது போல் பிடித்து, திரும்பப் பையில் போட்டான். "அப்புறம் அத மூடி வச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன். ஏன் போனேன்? அம்மா சரியாகி வர்றாங்கன்னு நம்பிட்டேனா? அப்புறம் எதுக்கு டிக்கெட் பாத்தேன்? தெனமும் யோசிக்கிறேன் மேடம். எனக்கே தெரியல."

கீழேயிருந்து இருளப்பன் கூப்பிட்டார். "தவமணி, பஸ்ஸு வந்துருச்சுடா."

"இந்தா வாரேன்ப்பா" என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் ஏதாவது சொல்வாளா என்று இன்னும் ஒரு நொடி நின்றான். பிறகு படியிறங்கி ஓடினான். சுபத்ரா திருப்பத்திலிருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூட்டமாக இருந்த பஸ்ஸில் அப்பாவை முதலில் ஏற்றி, உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருளப்பன் மகனுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.